ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை

வின்கோ மருசிச் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சான் பெட்ரோவில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரிதான் சொல்வார்கள். துறைமுகத்து முடிதிருத்தும் கடையில் போய் அவர் பெயரை எடுத்துப் பாருங்கள். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவன்கூடச் சிரிப்பான்.

1967-ல் அவரும் மைத்துனன் ஸ்டீபேயும் டெர்மினல் தீவிலிருந்த மீன் டப்பா ஆலையின் சம்பளப் பணத்தைக் கொள்ளையடிக்கப் போனார்கள். இரண்டு பேருமே டூனா மீன் பிடிக்கிற படகில் வேலை பார்த்தவர்கள். படகை முதலாளி விற்றுவிட்டான், வேலை போயிற்று, அந்த வயிற்றெரிச்சலில் போட்ட திட்டம். ஸ்டீபே துப்பாக்கியோடு உள்ளே போனான். வின்கோ காரில் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். இவர்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குக்கூட விஷயம் தெரியாது. ஆனால் சம்பள அறைக்குள் ஒரு போலீஸ்காரன் நின்றுகொண்டிருந்தான். ஸ்டீபே வாயைத் திறக்கும் முன்பே அவனை வயிற்றில் சுட்டுவிட்டான். ஸ்டீபே வயிற்றைப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடிவந்து விழுந்தான்.

போலீஸ்காரனுக்கு அங்கே என்ன வேலை? அவன் பெண்டாட்டி அந்த ஆலையில் மீன் அறுக்கிறவள். சம்பளம் அவள் கைக்குப் போனால் வீடு வந்து சேர்வதற்குள் சீட்டாட்டத்தில் தொலைத்துவிடுவாள் என்று, சம்பள நாளில் டியூட்டிக்கு நடுவே இவனே வந்து கவுண்டரில் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். அவ்வளவுதான் விஷயம். கோர்ட்டில் பைபிள்மேல் கைவைத்து அவனே தலைகுனிந்து சொன்னான். ஊர் நம்ப வேண்டுமே! ஒருவன் செத்ததற்கு இவ்வளவு அற்பமான காரணம் இருக்க முடியாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒருத்தன் செத்துவிட்டான், அப்படியானால் மிச்சம் இருப்பவன் யார் என்று கணக்குப் போட்டார்கள்.

சாகும்போது ஸ்டீபேயும் அதே கணக்கைத்தான் போட்டான். பின்சீட்டில் ரத்தம் ஓட ஓட, வின்கோ அவனைப் பழைய வலைக்கொட்டகைக்குக் கொண்டுபோய் மடியில் கிடத்தியிருந்தார். ஆஸ்பத்திரி வேண்டாம், டாக்டரைக் கூட்டிவா என்று கத்தியவனும் ஸ்டீபேதான். டாக்டருக்கு ஆள் அனுப்ப வழியில்லாமல் இவர் தவித்துக்கொண்டிருக்கையில் அவன் இவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீதானாடா?" என்றான்.

"நான் வாயைத் திறந்திருந்தா, கடல் என்னைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்டா ஸ்டீபே!" என்றார் வின்கோ.

சான் பெட்ரோவில் அப்படி யாரும் விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். முங்கிப் போனவனைக் கடல் என்றைக்காவது கரையில் தள்ளினால் மேட்டுக் கல்லறையில் அவனுக்கு ஒரு குழி கிடைக்கும். தள்ளாவிட்டால் வெறும் கல்தான், கீழே ஒன்றும் இருக்காது. வின்கோவின் அப்பாவுக்கு அங்கே வெறும் கல்தான். அந்தக் கல்லை வாரா வாரம் துடைத்து வளர்ந்தவர் வாயிலிருந்து வந்த சத்தியம் அது. ஸ்டீபே அதைக் கேட்டானா, கேட்பதற்கு முன்பே போய்விட்டானா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கேட்க வேறு யாரும் அங்கே இல்லை. அதுதான் பிறகு வந்த கஷ்டத்துக்கெல்லாம் வேர்.

மனைவி ஸோர்கா ஸ்டீபேயின் கூடப்பிறந்தவள். சிறைக்கு ஒரே ஒருமுறை வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுப்பு உடையில் உட்கார்ந்து, "என் தம்பியை எவ்வளவுக்கு வித்தே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எழுந்து போனாள். அப்போது மகள் டானிட்சாவுக்கு ஐந்து வயது. வின்கோ தண்டனை முடிந்து வெளியே வந்தபோது அவளுக்குப் பதினான்கு. பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். தோழிகள் முன்னால் அவள் இவரைத் தலை முதல் கால்வரை பார்த்து, "'நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது'ன்னு சொல்லச் சொன்னாங்க அம்மா," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள், பாவம் குழந்தை. அழுதாளே என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷர் அடுத்த பதினைந்து வருஷத்தை ஓட்டினார்.

பிறகு மகள் பெரியவளாகி, பக்கத்து ஊரான டாரன்ஸில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அவர் பிறந்தநாளுக்கு ஒரு போன். உடம்பு எப்படி இருக்கிறது, மழை பெய்ததா, அவ்வளவுதான். அந்த விஷயத்தை அவளும் எடுக்க மாட்டாள், இவரும் எடுக்க மாட்டார். போனில் சொல்கிற விஷயமா அது என்று தள்ளிப்போட்டார். நேரில் வந்தால் சொல்லலாம் என்று நினைப்பார், நேரில் அவள் வந்ததில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பிறவி தன்னை நம்ப வேண்டும் என்பதுதான். ஊர் நாசமாய்ப் போகட்டும்.

மீன் டப்பா ஆலைகளை ஒவ்வொன்றாய் மூடினார்கள். கடைசியில் அந்தப் பழைய ஆலைக்கே வின்கோ வாசல் காவலாளி ஆனார். கொள்ளையடிக்கப் போன இடத்துக்கே காவல்! முடிதிருத்தும் கடையில் இதை வைத்துப் பல நாள் சிரித்தார்கள். 1991-ல் ஒரு சினிமாக் கூட்டம் அந்தக் காலி ஆலையை வாடகைக்கு எடுத்தது.

இயக்குநர் பையன் பெயர் கிரெக் லிண்டல். அதற்கு முன் ஒரு வாடகை லாரிக் கம்பெனியில் போன் எடுத்துக்கொண்டிருந்தவன், இதுதான் முதல் படம். சொதப்பிப்போன ஒரு கொள்ளை, அதற்குப் பிறகு கொள்ளைக்காரர்கள் ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் பிடிப்பது, கதை அவ்வளவுதான். ஆலையின் ஏஜென்ட் பேச்சுவாக்கில், "எங்க வாட்ச்மேனே அந்தக் காலத்துல இங்க கொள்ளையடிச்சவர்தான்" என்று சொல்லிவிட்டான். லிண்டல் அன்றைக்கே இரண்டு பெட்டி பீரோடு காவல் கூண்டுக்கு வந்து நின்றான்.

"நெஜமாவா சார்? கார் ஓட்டினது நீங்களேவா?"

"ஏன், உனக்கு யார் ஓட்டியிருந்தா பரவாயில்லை?"

"அய்யோ, கோவிச்சுக்காதீங்க. நான் ரெண்டு வருஷமா கற்பனை பண்ணி எழுதிட்டிருக்கேன். நீங்க வாழ்ந்துட்டு வந்து இங்க மத்தி மீன் சுட்டுத் தின்னுட்டு உக்காந்திருக்கீங்க!"

பையனுக்குப் பேசத் தெரியும். கேட்கவும் தெரியும், அதுதான் ஆபத்து. இருபது வருஷத்துக்கு மேலாக வின்கோவிடம் எவனும் எதையும் உட்கார்ந்து கேட்டதில்லை. இவன் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண் சிமிட்டாமல், "அப்புறம்? அப்புறம்?" என்றான். போலீஸ்காரன் பெண்டாட்டி கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். வலைக்கொட்டகையைச் சொன்னபோது அவன் கண்ணே கலங்கியது. அது நடிப்பு இல்லை, உண்மையாகவே கலங்கியது. அவன் அயோக்கியனாக இருந்திருந்தால் வின்கோ அன்றைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

"தம்பி, எனக்குக் காசு வேண்டாம்," என்றார் வின்கோ. "நான் அவன்கிட்ட சொன்னதை அப்படியே எடு. என் பொண்ணு அதைப் பாக்கணும். அது போதும்."

லிண்டல் நெஞ்சில் கைவைத்தான். "ஒரு வார்த்தைகூட மாத்த மாட்டேன் வின்கோ. சத்தியம்."

அந்தச் சத்தியத்தை அவன் காப்பாற்றவும் செய்தான்.

படப்பிடிப்பில் வின்கோவுக்கு ராஜ மரியாதை. கொள்ளைக்காரன் எப்படி உட்காருவான், பயந்தவன் ஸ்டியரிங்கை எங்கே பிடிப்பான், வயிற்றில் குண்டு பட்டவன் எந்தப் பக்கம் சாய்வான், எல்லாம் அவரைக் கேட்டுத்தான் செய்தார்கள். அவர் வேடத்தில் நடித்தவன் ரே கோபில். கெட்டிக்காரன், அவர் நடையைக்கூடப் பிடித்துவிட்டான். ஆனால் எதை எப்போது எடுக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. முந்தாநாள் செத்தவன் இன்றைக்குக் காபி குடித்துக்கொண்டு வசனம் பேசுகிறான். ஒவ்வொரு ஷாட்டிலும் யார் எந்தக் கையில் சிகரெட் பிடித்தார்கள் என்று பார்த்துக்கொள்கிற மார்லாவிடம் போய்க் கேட்டார்.

"முன்னே பின்னே தேடாதீங்க," என்றாள் மார்லா. "முடிவை எடுத்தாச்சு, ஆரம்பத்தை அடுத்த வாரம் எடுப்போம். எடிட்டிங்ல உக்காந்து லிண்டல் எதை எங்க ஒட்டுறான்னு அவனுக்குத்தான் வெளிச்சம். போய் டோனட் சாப்பிடுங்க."

வலைக்கொட்டகைக் காட்சி எடுத்த அன்று சர்க்கரைப்பாகு ரத்தத்தில் ஈ மொய்த்தது. ஸ்டீபேயாக நடித்தவன் அதிலேயே காலையிலிருந்து கிடந்து, எழுந்திருக்கும்போது சட்டை தரையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. கோபில் அவனை மடியில் போட்டுக்கொண்டு அந்தச் சத்தியத்தைச் சொன்னான். "நான் வாயைத் திறந்திருந்தா, கடல்..." என்று சொல்லி நிறுத்தினான். புறங்கையால் மூக்கைத் துடைத்தான். பிறகுதான், "என்னைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்டா" என்றான். வின்கோ அன்றைக்கு அப்படி நிறுத்தவில்லை, ஒரே மூச்சில் கத்தியிருந்தார். ஆனால் கோபில் சொன்னதுதான் இன்னும் நிஜமாக இருந்தது. மேக்கப் போடுகிற அம்மாள் தேம்பினாள். வின்கோ வெளியே போய்ச் சுவரில் தலையைச் சாய்த்து நின்றார். லிண்டல் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

அதற்கு அடுத்த வாரம் தெருவில் ஒரு சின்ன ஷாட் எடுத்தார்கள். ஆலை வாசலில் அந்தக் காலத்தில் ஒரு போன் கூண்டு இருந்ததா என்று லிண்டல் கேட்டான். இருந்ததே என்று வின்கோதான் இடத்தைக் காட்டினார். ஒன்றைக் கொண்டுவந்து நட்டார்கள். கோபில் உள்ளே போய்க் காசு போட்டு எண்ணைச் சுழற்ற வேண்டும், பேச்சு கிடையாது. அந்தக் காலத்துக் கூண்டில் காசு சிக்கிக்கொள்ளும், கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று கோபிலுக்குச் சொல்லிக்கொடுத்ததும் வின்கோதான்.

"யாருக்குப் போன் பண்றான்?" என்று கேட்டார்.

லிண்டல் காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் முடிவு பண்ணல. பொண்டாட்டிக்குன்னு வச்சுக்குவோமே."

"நான் அன்னைக்கு அவளுக்குப் போன் பண்ணல. ஆனா வச்சுக்கோ, வச்சுக்கோ. பார்த்தா சந்தோஷப்படுவா," என்று சிரித்தார் வின்கோ.

படம் முடிந்ததும் ஊர்க்காரர்களுக்காக, வெளியாவதற்கு முன்பே ஒரு காட்சி போட்டார்கள். அதற்கு அழைக்கத்தான் வின்கோ முதல்முறையாகத் தானே மகளுக்குப் போன் செய்தார்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

"நல்லா இருக்கேன். ஒரு படம் போடுறாங்க. நீ வரணும். உன் அம்மாவையும் கூட்டிட்டு வா."

"அம்மாவா? உங்களுக்கு என்ன ஆச்சு? அவ வருவாளா?"

"அவ தம்பி சாகுற இடம் அதுல இருக்கு. நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்னு இருக்கு. எனக்குப் பேச வராதும்மா, உனக்கே தெரியும். அவன் ரொம்ப நல்லா சொல்றான். வந்து பாரு."

டானிட்சா, "கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

இருவரும் வந்தார்கள். ஸோர்கா இன்னும் கறுப்பில்தான் இருந்தாள். வின்கோ கோட்டை இஸ்திரி போட்டு, காலணிக்குப் பாலிஷ் போட்டு, கல்யாணத்துக்கு நிற்பவர் மாதிரி வாசலில் நின்றார். ஸோர்கா ஒன்றும் பேசாமல் கடந்து போனாள். ஆனால் அதே வரிசையில் உட்கார்ந்தாள், நடுவில் மகள். முடிதிருத்தும் கடைக் கூட்டம் முழுக்கப் பின்னால் இருந்தது.

படம் முன்னும் பின்னுமாகத் தாவியது. கொள்ளையே காட்டவில்லை, கொள்ளைக்குப் பிறகு, அதற்கு முன், மறுபடி பிறகு என்று போனது. பாதியில் வலைக்கொட்டகை வந்தது. "நீதானாடா?" என்ற குரல் கேட்டதும் ஸோர்கா, "என் தங்கமே" என்று முனகினாள். கோபில் சொன்னான். நிறுத்தினான், மூக்கைத் துடைத்தான், சொல்லி முடித்தான். அப்போது டானிட்சாவின் கை இருட்டில் தேடி வந்து அப்பாவின் கையைப் பிடித்தது. ஸோர்கா திரும்பி அவரைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்த பார்வை அல்ல அது. வின்கோ அந்த நிமிஷத்திலேயே செத்துப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படம் மறுபடி பின்னால் தாவியது. கொள்ளைக்கு முன்தினம் என்று எழுத்து வந்தது. கோபில் தெருவில் நடந்து வந்தான். போன் கூண்டுக்குள் போனான். காசு சிக்கியது, ஒரு தட்டுத் தட்டினான். எண்ணைச் சுழற்றினான். அந்தப் பக்கம் மணி அடித்து எடுத்தார்கள்.

"போலீஸ் ஸ்டேஷன்," என்றது ஒரு குரல்.

தியேட்டரே ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு பின்வரிசையில் எவனோ கை தட்டினான். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள், அவ்வளவு அருமையான திருப்பம்! முடிதிருத்துகிறவன் எழுந்து நின்று, "நான் அப்பவே சொன்னேன்ல, நான் அப்பவே சொன்னேன்ல!" என்று கத்தினான். மகளின் கை எப்போது போனது என்று வின்கோ பார்க்கவில்லை, பார்த்தபோது இல்லை.

ஸோர்கா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். வெளிச்சம் அவள் முகத்தில் பட்டும் படாமலும் இருந்தது. "நீ செஞ்சதைப் பாக்க டிக்கெட் குடுத்து கூப்பிட்டியா என்னை?" என்றாள். அவர் கோட்டின்மேல் துப்பினாள். டானிட்சா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அழைத்துப் போனாள்.

வாசலில் லிண்டலைச் சுற்றிக் கூட்டம். வின்கோ உள்ளே புகுந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்கே? நான் உனக்கு என்ன சொன்னேன்?"

"வின்கோ, நான் ஒரு வார்த்தைகூட மாத்தலையே! நீங்க சொன்னது அப்படியே இருக்கு. போன் காட்சில கோபில் வாயே திறக்கல."

"நான் போன் பண்ணலைடா!"

"எனக்குத் தெரியாதா? ஆனா இது படம். போலீஸ்காரன் பொண்டாட்டி சம்பளத்தை வாங்க வந்தான்னு எடுத்தா எவன் நம்புவான்? கல்லை விட்டு எறிவாங்க. கூடவே இருந்து காட்டிக்கொடுக்க ஒருத்தன் வேணும்." அவன் இவர் கையை மெதுவாக விலக்கினான், அப்போதும் பாசமாகத்தான். "இப்பப் பாருங்க, அந்தச் சத்தியம் எவ்வளவு கனமாயிடுச்சு. பொய்ன்னு தெரிஞ்சப்புறம்தான் அதுக்கு உயிரே வந்துது."

வின்கோவுக்கு அடிக்கக்கூடக் கை எழவில்லை. வீடு வரைக்கும் நடந்தே போனார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. திரைப்பட விழாக்களில் பரிசு வாங்கியது. அதன்பிறகு காமிரா கிடைத்த பொடியன் எவனாக இருந்தாலும், கதையை முன்னும் பின்னுமாய் வெட்டி, நடுவில் ஒரு துரோகியை வைத்து, அவன் வாயில் ஒரு சத்தியத்தைத் திணித்துத்தான் படம் எடுத்தான். அந்த வசனத்தைச் சட்டையில் அச்சடித்து விற்றார்கள். ஆலை வாசல் போன் கூண்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து உள்ளே நின்று, ஒரு தட்டுத் தட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் கிழவனிடமே, "ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?" என்று காமிராவை நீட்டினார்கள். அவர் எடுத்துக் கொடுத்தார், வேறென்ன செய்வார்.

சான் பெட்ரோவில் அந்தச் சத்தியம் செத்தது. மீன் நேற்றுப் பிடித்ததா என்று கேட்டால் மீன்காரன் நெஞ்சில் கைவைத்து, "கடல்..." என்று நிறுத்தி, மூக்கைத் துடைத்து, மீதியைச் சொல்வான். வாங்குகிறவள் சிரிப்பாள். வயதான ஆண்களைப் 'பார்பா' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஊர் அது. "பார்பா வின்கோ, பீருக்குக் காசு குடுத்துட்டீங்களா, இல்ல கடல் திருப்பிக் கொடுக்குமா?" என்று மதுக்கடையில் கேட்பார்கள். மரியாதையில் மட்டும் குறை வைக்கவில்லை, நாசமாய்ப் போகிறவர்கள்.

ஸோர்கா இரண்டு வருஷம் கழித்துச் செத்தாள். வின்கோ கல்லறைக் கம்பிக்கதவுக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டானிட்சா அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் பதறிப்போய் மீனைச் சுட்டார், கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி வைத்தார். அவள் தட்டைத் தொடவில்லை.

"அப்பா, அம்மா சொன்னதைக் கேட்டு வளந்தேன். அப்புறம் அந்தப் படம் சொல்லுச்சு. உங்க வாயால நீங்க ஒரு தடவைகூட எனக்குச் சொன்னதில்லை."

"சொல்லலைதான்."

"இப்ப சொல்லுங்க. அம்மா இல்ல, இனிமே நான் யாருக்கும் பயப்பட வேண்டாம். நீங்க சொன்னா நம்பிடுவேன்னுதான் வந்திருக்கேன்."

வின்கோ கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா," என்றார்.

அவள் காத்திருந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் நடந்துது. நான் சொல்லல."

"மாமாகிட்ட அவ்வளவு பெரிய சத்தியம் பண்ணீங்க. எனக்குன்னா வெறும் ரெண்டு வார்த்தைதானா?" அவள் குரல் உடைந்தது. "தாத்தா கல்லை நினைச்சுக்கிட்டு எனக்கும் அதைச் சொல்லுங்கப்பா. ஒரே ஒரு தடவை."

வின்கோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் வெறும் கல்லை நினைத்தார். மடியில் கனத்துக் கிடந்த ஸ்டீபேயை நினைத்தார். பொய்யில்லாமல், மனதார, உயிரைக் கொடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். "நான் வாயைத் திறந்திருந்தா, கடல்..."

மூச்சு முட்டியது. நிறுத்தினார். கண்ணீர் மூக்கில் இறங்க, புறங்கையால் துடைத்தார். பிறகுதான் மீதியைச் சொன்னார்.

டானிட்சாவின் முகம் மாறியது. முதலில் அவள் உதடு துடித்தது. அவள் அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை, ஒரு சின்னச் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் நின்றது.

"அதே இடத்துல நிறுத்துறீங்கப்பா," என்றாள். "மூக்கைக்கூட அதே மாதிரி தொடைக்கிறீங்க."

அது கோபில் செய்தது, தான் செய்ததில்லை என்று சொல்ல வின்கோ வாயைத் திறந்தார். தான் இப்போது செய்ததும் அதுதானே என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டார்.

அவள் பையை எடுத்தாள். "சாப்பாடு ஆறிடுச்சு, நீங்க சாப்பிடுங்க," என்று சொல்லி, அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள். கார் கிளம்பிப் போனது. வின்கோ இரண்டு தட்டையும் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.